குழு அலுவல் பயணத்தில் வரும் சிக்கல்கள்: அறிகுறியைக் கொண்டு காரணம் அறியும் வழிமுறை

கோயம்புத்தூரில் பம்பு செட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றிலிருந்து எட்டுப் பேர், டெல்லி பாரத் மண்டபத்தில் நடக்கும் தொழிற்கண்காட்சியில் ஸ்டால் போடச் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பனைப் பிரிவில் நால்வர், சர்வீஸ் பொறியாளர்கள் இருவர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், நிர்வாக இயக்குநர். டிக்கெட் எடுப்பது, அறை போடுவது, வண்டி சொல்வது எல்லாம் வழக்கம்போல அட்மின் பிரிவில் இருக்கும் ஒருவர் தலையில் விழும். இக்குறிப்பு அவருக்காக எழுதப்பட்டது. சிக்கல் வெளிப்படும் இடம் விமான நிலையமாகவோ விடுதியின் வரவேற்பு மேசையாகவோ இருந்தாலும், அது பிறந்த இடம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பு யாரும் முடிவெடுக்காமல் விட்ட ஏதோ ஒரு சிறு விஷயமாகவே இருக்கும். ஆகவே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியதோடு, அடுத்த முறை எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

அறிகுறி: யார் போகிறார்கள் என்பது கடைசி வாரம் வரை மாறிக்கொண்டே இருக்கிறது

முதலில் பார்க்க வேண்டியது, டிக்கெட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை. விமான டிக்கெட்டில் எழுத்துப்பிழையைத் திருத்தித் தருவார்கள். ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரைப் போட மாட்டார்கள். ரயிலில் பெயர் மாற்றத்திற்கு வழி உண்டு என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சலுகை பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கும், பணி நிமித்தம் செல்லும் அரசு ஊழியர், மாணவர் குழு, திருமணக் கோஷ்டி போன்ற சில வகையினருக்கும் மட்டுமே உரியது. தனியார் நிறுவனத்தின் சக ஊழியர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஆள் மாறினால் பழைய டிக்கெட்டை ரத்து செய்து புதிதாக எடுப்பது தவிர வேறு வழியில்லை. எவ்வளவு தாமதிக்கிறோமோ அவ்வளவு கட்டணம் பிடிபடும் என்பதால், மாற்றம் உறுதியான அன்றே ரத்து செய்துவிட வேண்டும். "ஒருவேளை அவரே வந்துவிடலாம்" என்று காத்திருப்பதில்தான் பணம் கரைகிறது.

காரணம் பெரும்பாலும் இதுதான்: பட்டியலை மூடும் நாள் என்று ஒன்று இல்லை, மூடிய பின் திறக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் தெளிவாக இல்லை. விற்பனை மேலாளர் ஒருவரைச் சேர்க்கிறார், சர்வீஸ் தலைவர் ஒருவரை நீக்குகிறார், இரண்டும் தனித்தனித் தொலைபேசி அழைப்பில் அட்மினுக்கு வந்து சேர்கின்றன. பயணத்திற்கு இருபத்தைந்து நாள் முன்பு பட்டியல் மூடப்படும் என்று எழுத்தில் அறிவித்து, அதன் பிறகு வரும் மாற்றத்தை ஒரே ஒருவர் மட்டும், மின்னஞ்சலில் மட்டும் அனுமதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு இன்னொரு விதியையும் சேர்க்கலாம்: மாற்றத்தால் ஏற்படும் ரத்துக் கட்டணம், மாற்றத்தைக் கேட்ட பிரிவின் செலவுக் கணக்கில் ஏறும். எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் நடக்காதது இந்த ஒரு விதியால் நடந்துவிடும் என்பது என் கருத்து.

எட்டுப் பேரில் இருவர் வருவது உண்மையிலேயே உறுதியில்லை என்றால், ஆறு பேருக்கு உடனே எடுத்துவிட்டு, மற்ற இருவருக்குக் கட்டணம் சற்றுக் கூடினாலும் ரத்து செய்தால் பணம் திரும்பும் வகை டிக்கெட்டைத் தனி பிஎன்ஆரில், அதாவது தனிப் பதிவு எண்ணில், எடுப்பது நல்லது. எல்லோருக்கும் முடிவு தெரியட்டும் என்று காத்திருந்தால் எட்டுப் பேருக்கும் கடைசி நேர விலைதான் கிடைக்கும்.

அறிகுறி: டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை

தமிழர் குழுக்களுக்கு இது தனிப்பட்ட தொல்லை. நம்மில் பலருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும் மட்டுமே உண்டு. ஆதாரில் அந்த முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும், வாக்காளர் அட்டையில் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயரே குடும்பப் பெயராக ஏறியிருக்கும் அல்லது அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். விமான நிறுவனத்தின் படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்கிறது. டிக்கெட் எடுப்பவர் அலுவலகத்தில் எல்லோரும் கூப்பிடும் பெயரை ஒரு கட்டத்தில் போட்டு, இன்னொன்றில் ஓர் எழுத்தையோ புள்ளியையோ போட்டு முடித்துவிடுகிறார்.

பயணத்திற்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால், எந்த அட்டையைக் காட்டப் போகிறாரோ அதன் படத்தை இணைத்து விமான நிறுவனத்திடமோ முகவரிடமோ திருத்தம் கேளுங்கள். அட்டையில் முதலெழுத்தும் டிக்கெட்டில் அதன் விரிவும் இருக்கும் சிறு வேறுபாடு உள்நாட்டுப் பயணத்தில் பொதுவாகக் கடந்துபோகும், ஆனால் வாயிலில் நிற்பவரின் பெருந்தன்மையை நம்பித் திட்டமிடக் கூடாது. முகத்தைக் கொண்டே வாயிலைக் கடக்க உதவும் டிஜியாத்ரா செயலி வழியாகச் செல்ல விரும்புவோருக்கு இந்தப் பொறுமையும் கிடைக்காது. ஆதார் வழியே பதிவான பெயரோடு போர்டிங் பாஸில் உள்ள பெயர் பொருந்தாவிட்டால் கருவி ஏற்காது, வழக்கமான வரிசைக்குத்தான் திரும்ப வேண்டும்.

வெளிநாடு என்றால் கதையே வேறு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, பிறகு பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது. துபாய்க் கண்காட்சிகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள், பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாமல் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து வாங்க வேண்டியது இதனால்தான்.

நிரந்தரத் தீர்வு எளிது. பெயரை யாரிடமும் வாய்மொழியாகக் கேட்காதீர்கள், தட்டச்சு செய்து அனுப்பவும் சொல்லாதீர்கள். அடையாள அட்டையின் படத்தை வாங்கி, அதில் உள்ள எழுத்துகளை அப்படியே ஒரு பட்டியலில் ஏற்றி, உரியவரிடம் காட்டி ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால், அந்தப் பட்டியல் பல ஆண்டுகளுக்குப் பயன்படும். அட்டைப் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒருவருடைய ஆதார் மற்ற ஏழு பேரின் கைபேசியில் கிடக்கத் தேவையில்லை.

அறிகுறி: ரயில் டிக்கெட் காத்திருப்போர் பட்டியலிலேயே நிற்கிறது

சர்வீஸ் பொறியாளர்கள் கருவிப் பெட்டியோடு ரயிலில் போவதாகக் கொள்வோம். கோவை வழியாக டெல்லி செல்லும் கேரளா எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகளில் பயணம் இரண்டு இரவுகளை விழுங்கிவிடும். ஆகவே சார்ட் எனப்படும் இறுதி இருக்கைப் பட்டியல் தயாரான பிறகு இடம் இல்லை என்று தெரிந்தால் மறுநாள் வண்டி பிடித்துச் சரிக்கட்ட முடியாது. இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் எல்லோருமே காத்திருப்பில் நின்றுவிட்டால், சார்ட் தயாரானதும் அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஏறிவிடலாம் என்று யாரும் எண்ணக் கூடாது.

அடுத்த வாயில் தட்கல் என்னும் கடைசி நேரப் பதிவு. வண்டி புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை முதல் ஐஆர்சிடிசி என்னும் ரயில் பதிவுத் தளத்தில் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். முகவர்களுக்கோ முதல் அரைமணி நேரம் கதவு மூடியே இருக்கும். காலை 9:55க்குக் கணக்கைத் திறந்து ஆதாரை இணைக்கத் தொடங்குவது பயன்படாது. ஒரு தட்கல் டிக்கெட்டில் நான்கு பேர்தான். உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணமும் திரும்பாது.

முன்பதிவு 120 நாளுக்கு முன்பே திறந்த காலம் போய், 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைந்திருப்பதால், கண்காட்சித் தேதி தெரிந்த அன்றே நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணி, பதிவு திறக்கும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் என்பதே உச்சம் என்பதால் எட்டுப் பேரும் ரயிலில் போனால் இரண்டு பிஎன்ஆர் தவிர்க்க முடியாதது. அப்போது ஆறும் இரண்டுமாகப் பிரிக்காமல் நான்கும் நான்குமாகப் பிரியுங்கள். ஒரு பாதி காத்திருப்பில் சிக்கினாலும் மறுபாதி ஸ்டாலைத் திறந்து வைக்கும் வலுவோடு இருக்கும்.

அறிகுறி: எல்லோரும் வந்துவிட்டார்கள், ஆனால் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முடியவில்லை

இரண்டு விமானங்களில் பிரிந்து வந்தவர்கள் ஒரே வண்டியில் விடுதிக்குப் போகலாம் என்று திட்டமிட்டிருப்பார்கள். டெல்லியில் டெர்மினல் 1 ஓரிடம், டெர்மினல் 3 சில கிலோமீட்டர் தள்ளி வேறோரிடம். மும்பையில் டெர்மினல் 1 சாந்தாகுருஸ் பக்கமும் டெர்மினல் 2 சஹார் பக்கமும் இருக்கின்றன. கோவாவில் 2023 ஜனவரி முதல் டபோலிம், மோபா என்று இரண்டு விமான நிலையங்களே இயங்குகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாவட்டமே மாறிவிடும். ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து வண்டி சொல்வதுதான் இங்கே பிழை.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, காத்திருப்பதை விட்டுவிட்டு அவரவர் தனித்தனியே விடுதிக்குச் சென்றுவிடுவது. டெல்லி டெர்மினல் 3லிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ புது டெல்லி நிலையத்திற்குச் செல்கிறது. டெர்மினல் 1க்கு மெஜந்தா வழித்தடத்தில் தனி நிலையம் இருக்கிறது. கண்காட்சி வளாகத்திற்கு நீல வழித்தடத்தில் உள்ள உச்ச நீதிமன்ற நிலையம் அருகில். பழைய வரைபடங்களில் அது பிரகதி மைதான் என்று இருக்கும். இனிவரும் பயணங்களில் கூடும் இடத்தை விமான நிலையத்தில் வைக்காமல் விடுதியில் வையுங்கள்.

அறிகுறி: விமானம் தாமதம், அல்லது ரத்து

முதலில், எட்டுப் பேரும் ஒரே கவுண்டரில் போய் நிற்காதீர்கள். ஒருவர் வரிசையில் நிற்கட்டும், ஒருவர் விமான நிறுவனத்தின் செயலியில் மாற்று விமானம் தேடட்டும், டிக்கெட்டை முகவர் வழியாக எடுத்திருந்தால் ஒருவர் முகவரை அழைக்கட்டும். இவர்களில் யார் "சரி" என்று சொன்னால் அது இறுதி என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் செயலியில் மூன்று இடம் தெரிகிறபோது அதை எடுப்பதா வேண்டாமா என்று அலுவலகத்தைக் கேட்டு முடிப்பதற்குள் அந்த மூன்றும் போய்விடும். கூடுதலாக எவ்வளவு ரூபாய் வரை கேட்காமலே செலவழிக்கலாம் என்ற எல்லையையும் குழுத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, உரிமைகளைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிப்படி, தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானமோ முழுப்பணமோ கேட்டுப் பெறலாம். இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் இரண்டு மணி நேரத்திற்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும். பயண நேரம் நீளும்போது இந்த வரம்பும் நீளும். முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் என்ற உச்சவரம்புகளில் இழப்பீடு உண்டு. ஆனால் மூடுபனி, புயல் போன்று விமான நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. பனிக்காலத்தில் கவுண்டரில் இழப்பீட்டுக்காக வாதாடுவது வீண். மாற்று விமானத்திற்காகவும் பணத்தைத் திரும்பப் பெறுவதற்காகவும் அந்த மூச்சைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இனி காரணத்துக்கு வருவோம். டிசம்பர் பின்பாதியிலிருந்து ஜனவரி முடிய டெல்லியில் மூடுபனி வருவது யாருக்கும் புதுச் செய்தி அல்ல. குறைந்த பார்வைத்தொலைவில் இறங்கும் கேட்-3 வசதி அங்கே இருந்தாலும், அந்த விமானமும் அதன் விமானிகளும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். அதிகாலையில் ஒரு விமானம் பிந்தினால் அதே விமானம் அன்று பறக்க வேண்டிய அடுத்தடுத்த பயணங்களும் பிந்தும். ஆகவே அந்த மாதங்களில் நண்பகலை ஒட்டி டெல்லியில் இறங்கும் விமானத்தையே தேர்ந்தெடுங்கள். நம் பக்கமும் குறைவில்லை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. கோவையிலிருந்து சென்னை வழியாக டெல்லி என்று போடுவோர், இரண்டு கட்டங்களையும் ஒரே டிக்கெட்டில் எடுத்திருந்தால் முதலாவது பிந்தும்போது அடுத்ததற்கு ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பாகும். நானூறு ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக எடுத்தால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனது போனதுதான்.

காலை பத்து மணிக்குக் கண்காட்சி தொடங்குகிறது என்றால் அன்று காலையே இறங்கும் திட்டம், எவ்வளவு சிக்கனமாகத் தெரிந்தாலும், திட்டம் என்று சொல்லத் தகுதியற்றது. முந்தைய நாள் மாலைக்குள் அனைவரும் ஊரில் இருக்க வேண்டும். அதோடு, பம்பை ஓட்டிக் காட்டத் தெரிந்த இருவரும் ஒரே விமானத்தில் இருக்கக் கூடாது. விலை பேசும் அதிகாரம் உள்ளவர்களுக்கும் இதே விதிதான். எட்டுப் பேரையும் ஒரே பிஎன்ஆரில் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இடம் மாற்ற வேண்டிய நெருக்கடியில் எட்டு இருக்கை சேர்ந்தாற்போல் எங்கும் கிடைக்காது.

அறிகுறி: மாதிரிப் பொருளும் கருவிகளும் பாதுகாப்புச் சோதனையில் நின்றுவிட்டன

பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-அவர் வரை, அதாவது ஏறத்தாழ 27,000 எம்ஏஎச் வரை, தனி அனுமதி தேவையில்லை. ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் போன்றவற்றுக்கு இது நேர்மாறு: கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் போகலாம். சர்வீஸ் பொறியாளர்கள் பழக்கதோஷத்தில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவதால்தான் பாதி நேரம் பிரச்சினை. உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோ செக்-இன் பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான் கணக்கு, இரும்பு வார்ப்புப் பம்பு ஒன்றுக்கே அது போதாது. கனமானவற்றை ஒரு வாரம் முன்பே பார்சல் லாரியில் அனுப்பிவிடுங்கள். விற்பனைக்கு அல்லாமல் காட்சிக்குச் செல்லும் பொருளுக்கு விற்பனை ரசீதுக்குப் பதிலாக டெலிவரி சலான் என்னும் அனுப்புச் சீட்டு போட வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்குப் போக்குவரத்துக்கான இணையவழிச் சீட்டான இ-வே பில்லும் வேண்டும். திரும்பி வரும்போதும் இதே காகிதங்கள் தேவைப்படும் என்பதை மறந்து, கண்காட்சி முடிந்த இரவில் அலுவலகத்தை அழைப்பவர்களே அதிகம்.

அறிகுறி: விடுதிக்கு வந்தாயிற்று, அறை தயாராக இல்லை

காலை ஏழு மணிக்கு வந்து நின்றால், நண்பகல் அல்லது இரண்டு மணி செக்-இன் என்ற விதியைக் காட்டுவார்கள். முந்தைய இரவிலிருந்தே அறை போட்டிருக்க வேண்டும், அல்லது ஓர் அறையையாவது அப்படிப் போட்டு எல்லோரும் குளித்துக் கிளம்ப வழி செய்திருக்க வேண்டும். யார் யாரோடு அறையைப் பகிர்வது என்பதை வரவேற்பு மேசையில் தீர்மானிக்க வைக்காதீர்கள். குறட்டை விடுபவர் யார் என்பது குழுவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது, ஆகவே அவர்களையே முன்கூட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். குழுவில் பெண் ஒருவரே இருந்தால் அவருக்குத் தனி அறை, இரவு தாமதமாக இறங்காத விமானம் என்ற இரண்டும் பேரத்துக்கு உரியவை அல்ல. வெளிநாட்டுக் குடிமகன் யாரேனும் சேர்ந்து வந்தால், அவர் தங்கிய 24 மணி நேரத்திற்குள் விடுதி அவரைப் பற்றிய விவரத்தை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். சிறு விடுதிகள் பல அந்த வேலைக்கு அஞ்சி வாயிலிலேயே மறுத்துவிடுவதால், பதிவின்போதே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அறிகுறி: விவரம் எல்லாம் அனுப்பியாயிற்று, ஆனால் தேவையான நேரத்தில் யாரிடமும் இல்லை

வாட்ஸ்அப் குழுவில் டிக்கெட் வந்திருக்கும், அதன்மேல் நூறு வணக்கங்களும் வாழ்த்துகளும் வந்து அதை மூடியிருக்கும். பிஎன்ஆர், டெர்மினல், விடுதி முகவரி, ஓட்டுநர் எண், ஸ்டால் எண், முடிவெடுக்கும் இருவரின் தொலைபேசி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தொகுத்து, பிடிஎப் ஆகவும் காகிதமாகவும் கொடுத்துவிடுங்கள். காகிதம் பழமைவாதம் அல்ல: 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள் கோளாறால் கணினிகள் முடங்கியபோது, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதித்தான் கொடுத்தார்கள்.

அறிகுறி: திரும்பி வந்து மாதம் ஒன்றாகியும் கணக்கு முடியவில்லை

ஊழியர்கள் சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள், கணக்குப் பிரிவோ ரசீது கேட்டுக் காத்திருக்கிறது. ரசீது தொலைந்த சிறு செலவுகளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற நிலையான படியை வைத்து முடித்துவிடுவதே இருதரப்புக்கும் நல்லது. நாற்பது ரூபாய் தேநீருக்குத் துண்டுச்சீட்டு தேடுவதில் போகும் நேரத்தின் மதிப்பு அதைவிட அதிகம். பெரிய செலவுகளில் கவனிக்க வேண்டியது ஜிஎஸ்டி. விமான டிக்கெட்டில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைப் பதிவின்போதே கொடுத்துவிட வேண்டும், பின்னால் சேர்ப்பது பெரும் அலைச்சல். விடுதிக் கட்டணத்தில் வரி அந்த விடுதி இருக்கும் இடத்தின் வரியாகவே விதிக்கப்படும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு பெற்ற நிறுவனம் டெல்லி விடுதி ரசீதில் உள்ள வரியை உள்ளீட்டு வரிச் சலுகையாக எடுக்க, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. ஆகவே விடுதிகளின் விலையை ஒப்பிடும்போது வரி நீங்கலான தொகையைப் பார்த்து ஏமாறாமல் வரி சேர்ந்த தொகையையே ஒப்பிடுங்கள். ஸ்டால் அலங்காரக்காரருக்கோ வாகனக்காரருக்கோ ரொக்கமாகக் கொடுக்கும்போது, ஒரே நாளில் ஒரே நபருக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால், சரக்கு வண்டிக்காரர்களுக்கான தனி வரம்பு நீங்கலாக, அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் ஏற்க மாட்டார்கள் என்பதைக் குழுத் தலைவரிடம் கிளம்பும் முன்பே சொல்லி, அவர் கையில் நிறுவனத்தின் பெயரிலான அட்டை ஒன்றையும் கொடுத்து அனுப்புங்கள்.